மெழுகுக்காரியின் இடைப்பட்டை

ஏன் சோழர்களைப் பற்றி எழுதவில்லை என்று என்னைக் கேட்காத ஆள் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் பாக்கி இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா கேட்டாள். என் நாத்தனார் கேட்டாள். எங்கள் தலைமையாசிரியர் ஆண்டாய்வுக்கு வந்த அதிகாரியை வைத்துக்கொண்டே கேட்டார். அதிகாரியும் பதிலுக்காகப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒன்பது வருடமாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அலுத்த பிறகு கோபம் வர ஆரம்பித்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள். வீடு பெரம்பலூரில். பள்ளிக்கூடம் மீன்சுருட்டிப் பக்கம். அரியலூரில் ஒரு பஸ், ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளின் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர வேண்டும். பாதி வாழ்க்கை பஸ் சீட்டிலேயே போயிற்று. பள்ளிக்கூட மொட்டை மாடியில் நின்றால் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் தெரியும். அந்த விமானம் தெரிகிற தூரத்தில் சம்பளம் வாங்குகிற ஒருத்தி சரித்திர நாவல் எழுதினால் அது சோழர் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்பது இங்கே யாரும் யோசிக்காமலே செய்துகொண்ட முடிவு.

நான் எழுதியது கான்ஸ்டான்டிநோபிளைப் பற்றி. இன்றைக்கு இஸ்தான்புல் என்கிறார்களே, அந்த ஊர். கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரமாக ஆயிரம் வருடத்துக்கும் மேல் இருந்த ஊர். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரி உண்டு. துருக்கியர் அந்நகரத்தைக் கைப்பற்றினார்கள், அதனால் ஐரோப்பியர் இந்தியாவுக்குக் கடல்வழி தேட நேர்ந்தது. ஒரு மதிப்பெண் கேள்வி. அந்த வரியைப் பல வருடம் நடத்தியிருக்கிறேன். விழுவதற்கென்றே ஓர் ஊர் பிறந்தது போலவும், அது விழுந்ததே நமக்கு மிளகு வியாபாரி வருவதற்காக என்பது போலவும் அந்த வரி இருக்கும். விழுவதற்கு முன்னால் அங்கே பிறந்து வாழ்ந்து சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு அரை மதிப்பெண் கூடக் கிடையாது.

ஒருநாள் பஸ்ஸில், செல்போனில், அந்த அரண்மனையைப் பற்றி ஒரு நீளமான கட்டுரை படித்துக்கொண்டு போனேன். அங்கே ஆண்களுக்கு அடுக்கடுக்காகப் பதவிகள். அலிகளாக்கப்பட்ட அரண்மனை அதிகாரிகளுக்குத் தனிப் பதவிகள். பெண்களுக்குப் புருஷனின் பதவிதான் பதவி. இங்கே கலெக்டர் பெண்டாட்டியைக் கலெக்டரம்மா என்கிற மாதிரி. ஆனால் ஒரே ஒரு பதவி மட்டும் விதிவிலக்கு. அது பெண்ணுக்கு அவள் பெயரிலேயே கிடைப்பது. அரண்மனைக் கோயிலில் பேரரசனே தன் கையால் ஓர் இடைப்பட்டையை எடுத்துக் கொடுப்பான். அதைக் கட்டியவள் பேரரசியின் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். எத்தனை தளபதி பெண்டாட்டிகள் இருந்தாலும் அவர்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னால்தான். அன்றைக்கு நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்து, முதல் பாடவேளைக்குத் தாமதமாகப் போய், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பட்டை என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும். என் அம்மா குரும்பலூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் சின்ன வெங்காயம் அறுத்தவள். எங்களுக்கு என்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்தபோது போதும் என்றார்கள். வேலை கிடைத்தபோது கெடச்சதை வச்சுக்கிட்டு அமைதியா இரு என்றார்கள். தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் ஏன் கீழே போனது என்று விவரம் கேட்டு மனு எழுதியபோது, பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு பதவி ஆசை என்று என் காதில் விழும்படியே ஆசிரியர் அறையில் பேசினார்கள். என் கணவர் என்னை எதற்கும் தடுத்ததில்லை. அவர் தடுக்காததையே பெரிய உபகாரமாக ஊர் முழுக்கச் சொன்னார்கள். தடுக்காத மனுஷனுக்கு இத்தனை பாராட்டா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஆகவே ஒருத்தியை உண்டாக்கினேன். சரித்திரத்தில் அவள் இல்லை. அந்த ஊர்ப் பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்துக் கடைவீதியில் மெழுகுவர்த்தி வார்த்து விற்கிறவனின் பெண்டாட்டி. புருஷன் செத்த பிறகு கடையை அவளே நடத்துகிறாள். மோந்து பார்த்தே மெழுகில் கொழுப்புக் கலப்படம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அந்த மூக்கை வைத்துக்கொண்டு அரண்மனைக் கோயிலுக்கு மெழுகு கொடுக்க நுழைகிறாள். பிறகு பேரரசியின் அறைக்குள், பிறகு பேரரசியின் ரகசியங்களுக்குள். பொய் சொல்கிறாள், இன்னொருத்தியைத் தந்திரமாக ஊரைவிட்டு அனுப்புகிறாள், காரியம் ஆகும்வரை காலைப் பிடிக்கிறாள். நல்லவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. இருபது வருடம் பாடுபட்டு அந்த இடைப்பட்டையைக் கட்டிக்கொள்கிறாள். பேரரசன் செத்துப் புதியவன் வருகிறான். அவன் ஆட்கள் பட்டையைப் பிடுங்கிக்கொண்டு, தலைமயிரை வெட்டி, ஒரு தீவில் இருக்கும் கன்னிமாடத்துக்கு அவளை அனுப்புகிறார்கள். வேண்டாத பெண்களை அந்த ஊரில் அப்படித்தான் ஒழிப்பார்கள். மூன்றாம் வருடம் அந்த மடத்துக்கு அவள்தான் தலைவி. கடைசிப் பக்கத்தில், மடத்துக்கு வந்த மெழுகை மோந்து பார்த்து, கொழுப்பு கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறாள். அவ்வளவுதான் நாவல்.

ஒன்பது வருடத்தில் இதை முழுசாகக் கேட்டவள் ஒருத்திதான். எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர். லப்பைக்குடிக்காட்டுக்காரி. அவள் வீட்டுக்காரர் துபாயில் வேலை. ஒரு தடவை அவர் விடுமுறைக்குச் சிநேகிதர்களோடு இஸ்தான்புல் போனபோது, நம்ம டீச்சருக்கு அந்தக் கோட்டைச் சுவரைக் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்புங்க மச்சான் என்று சொல்லிவிட்டாள். அந்த நல்ல மனுஷன் பெண்டாட்டி கேட்ட துணிமணியை விட்டுவிட்டு, வெயிலில் சுவர் சுவராக நடந்து வீடியோ எடுத்து அனுப்பினார். ஒன்றில் இடுக்கில் முளைத்த செடியை ஒரு நிமிடம் காட்டினார். அந்தச் செடி என் நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

எழுதி முடித்ததும் அரியலூரில் ஓர் அச்சகத்துக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, வருடத்துக்கு ஐந்தாறு கவிதைத் தொகுப்பு என்று போடுகிற இடம். முதலாளி கடைசி அத்தியாயத்தை மட்டும் நின்றபடியே படித்தார். அந்தம்மா செஞ்சதை நினைச்சு அழுவுற மாதிரி ஒரு பக்கம் சேர்த்தா படிக்கிறவங்களுக்கு மனசு நிறையும் டீச்சர் என்றார். முடியாது என்றேன். அடுத்த வாரம் திரும்பவும் சொன்னார். திரும்பவும் முடியாது என்றேன். மூன்றாம் வாரம் அவரே அலுத்துப்போய் விட்டுவிட்டார். ஒரு வரி மாற்றாமல் ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு நான் பட்ட பெருமை கொஞ்ச நஞ்சமில்லை.

ஆனால் அணிந்துரை விஷயத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தப் பக்கம் அணிந்துரை இல்லாமல் ஒரு புத்தகம் வருவது, பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லாமல் காதுகுத்து நடப்பதைப் போல. யார் எழுதியது என்று பார்ப்பதற்கு முன்னால் யார் அணிந்துரை என்று பார்ப்பார்கள். எழுதுகிறவர் பெரும்பாலும் ஒருவர்தான். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர், அரியலூரில் வீடு, எங்கள் இலக்கிய வட்டத்துக்கு அவர்தான் எப்போதும் தலைவர். எல்லோரும் அவரை ஐயா என்போம்.

பழம், பொன்னாடை, தட்டச்சுப் பிரதி மூன்றையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, எந்த ஊரும்மா பள்ளிக்கூடம் என்று கேட்டார். மீன்சுருட்டிப் பக்கம் ஐயா என்றேன். நல்லது, நல்லது, மண்ணோட வாசனை எழுத்துல வரணும் என்றார். நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன். கதை எந்த ஊரில் நடக்கிறது என்று அப்போதே உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். பிரதியைக் கொடுத்த பிறகு கதையைச் சொல்வது அவரை அவமதிப்பது போல ஆகுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

எட்டு மாதம் ஆயிற்று. மாதம் ஒருமுறை போனேன். ஒருமுறை கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஒருமுறை பட்டிமன்றத்துக்கு. ஒருமுறை பாதி வந்துட்டேம்மா என்றார். இன்னொருமுறை, அந்த அரசி பாத்திரம் ரொம்ப கம்பீரமா வந்திருக்கு என்றார். என் நாவலில் பேரரசி ஒருத்தி உண்டே, அவளைத்தான் சொல்கிறார் என்று பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே நடந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

எழுதிய அணிந்துரையை அவர் என்னிடம் தரவில்லை. உறையில் போட்டு ஒட்டி நேராக அச்சகத்துக்கு அனுப்பினார். அதுதான் வழக்கமாம். தன்னைப் புகழ்ந்ததைத் தானே வாங்கிப் படித்து, இங்கே குறைவு அங்கே கூடுதல் என்று சொல்வது எழுதியவளுக்கு அழகில்லையாம். அச்சகத்தில் மெய்ப்பு கேட்டேன். நாவல் முழுவதற்கும் கொடுத்தார்கள், அந்த நான்கு பக்கத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஐயா எழுதுனதுல திருத்துறதுக்கு என்ன டீச்சர் இருக்கு என்றார் முதலாளி.

வெளியீட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் புத்தகக் கட்டுகள் வீட்டுக்கு வந்தன. பள்ளிக்கு விடுப்பு சொல்லியிருந்தேன். முதல் பிரதியைப் பிரித்து அணிந்துரையைப் படித்தேன்.

சோழப் பேரரசி ஒருத்தியின் தியாக வாழ்வை ஆசிரியை கண்முன் நிறுத்துகிறார் என்று ஆரம்பித்திருந்தது. கணவனின் வெற்றியைத் தன் வெற்றியாகக் கருதியவளாம். தனக்கென எதையும் வேண்டாதவளாம். இறுதியில் கோயில் திருப்பணியில் தன்னைக் கரைத்துக்கொண்டாளாம். மீன்சுருட்டி மண்ணில் அன்றாடம் கால் பதிக்கும் ஆசிரியைக்கு இக்காவியம் கைகூடியதில் வியப்பில்லையாம். நான்கு பக்கத்தில் கான்ஸ்டான்டிநோபிள் ஓர் இடத்தில் கூட இல்லை. மெழுகு இல்லை. பட்டை இல்லை. பிரதியை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். முதலில் ஐயா வீடு. அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு அப்போதும் நான் அப்பாவி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்து முடித்தார். அவருக்கே பிடித்திருந்தது.

"சோழ நாடா இருந்தா என்ன, ரோம நாடா இருந்தா என்ன. பெண்மைங்கிறது எல்லா ஊர்லயும் ஒண்ணுதானேம்மா. அது பொருந்தும்."

"இவ அப்படி இல்லீங்க ஐயா. இவ தனக்குன்னு வேணும்னு கேட்டவ."

"அப்படிப்பட்டவளைப் பத்தி நீ எழுதியிருக்க மாட்டே," என்று சிரித்தபடி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிடாமல் வந்தேன்.

அச்சகத்தில் முதலாளி இன்னும் மோசம். ஐயா பெயர் இருந்தால்தான் நாலு பேர் கையில் எடுப்பார்கள், அணிந்துரையை யார் முழுசாகப் படிக்கிறார்கள் என்றார். அந்தப் பக்கங்களை அறுத்து எடுத்துவிடுங்கள் என்றேன். முடியாது என்று காரணம் சொன்னார். பதினாறு பக்கம் கொண்ட ஒரு தாளை மடித்தால் ஒரு பாரம். பாரம் பாரமாக நடுவில் தைத்துத்தான் புத்தகம். முதல் பாரத்தில் முன்பாதியில் இருக்கிற அணிந்துரைத் தாள்களும் பின்பாதியில் இருக்கிற முதல் அத்தியாயத் தாள்களும் ஒரே தாளின் இரண்டு பாதிகள். அவருடைய நான்கு பக்கத்தை அறுத்தால் என்னுடைய நான்கு பக்கமும் பிடிப்பில்லாமல் கழன்று விழும். கதையின் ஆரம்பமே கொட்டிப் போயிடும் டீச்சர், விட்டுடுங்க என்று சொல்லிவிட்டுப் போன் பேசப் போனார்.

நான் அங்கேயே நின்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் தரையில் கோரைப்பாய் போட்டு ஒரு பெண் தாள் மடித்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். வரதராஜன்பேட்டையிலிருந்து தினமும் வருகிறவள் என்று பிறகு தெரிந்தது. தலை நிமிராமலே பேசினாள்.

"அடியோட அறுத்தாத்தான் கழலும் டீச்சர். ஒரு வெரல் அகலம் ஓரம் வுட்டு அறுங்க. அந்த ஓரம் புடிச்சுக்கும்."

சனிக்கிழமை மதியம் கணக்கு டீச்சரும் நானும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிளேடும் இரும்பு ஸ்கேலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முந்நூறு பிரதி. ஒவ்வொன்றிலும் இரண்டு தாள். ஸ்கேலை வைத்து, விரல் அகலம் விட்டு, கோடு போட்டது போல அறுத்தோம். கணக்கு டீச்சருக்கு விரலில் வெட்டுப்பட்டது. பிஸ்மில்லா சொல்லி ஆரம்பிச்சிருக்கணும், கோவத்துல மறந்துட்டேன் என்று பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தொடர்ந்தாள். என் கணவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, பெரிய மனுஷங்க பகை நமக்கு வேணுமா என்றார். இரண்டாம் தடவை அவர் முகத்தையே பார்த்தேன். போய்ச் சாயந்திரத்துக்கு வேண்டியதை வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெரம்பலூரில் விழா நடந்த மண்டப வாசலில் வைத்த பிளக்ஸில் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் இருந்தது. பின்னாடி ஏதாச்சும் வேணும்ல என்று அதைச் செய்தவர் சொன்னார். அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வரவேற்பு, வாழ்த்து, சிறப்புரை என்று பதினோரு ஆண்கள். கடைசியில் ஏற்புரைக்கு நான். என் மெழுகுக்காரி பேரரசியின் பந்தியில் உட்கார இருபது வருடம் எடுத்துக்கொண்டாள். என் புத்தகத்தின் விழா மேடையில் எனக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது.

சிறப்புரைக்கு ஐயா எழுந்தார். நினைத்தபடியே, தன் அணிந்துரையைப் பார்த்துப் பேசத்தான் புத்தகத்தைக் கையில் எடுத்தார். முதல் பக்கங்களைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். அறுபட்ட ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. இப்போது தெரிந்துவிடும், ஒரு பக்கம் கூடப் படிக்காதவர் இனி எதைப் பேசுவார், திணறட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் திணறவே இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நாற்பது நிமிடம் சோழ அரசியின் தியாகத்தைப் பற்றிக் கணீரென்று பேசினார். அறுத்த நான்கு பக்கமும் வரி மாறாமல் வந்தது. கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. என்னையும் கணக்கு டீச்சரையும் தவிர அங்கே தப்பு நடந்ததாக யாருக்கும் தோன்றவில்லை.

ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டபோது பின்வரிசை புளியோதரைப் பொட்டலத்துக்குப் போயிருந்தது. பேச வேண்டியதை எல்லாம் இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். இது சோழ அரசியின் கதை இல்லை, இவள் எதையும் தியாகம் செய்தவள் இல்லை, இவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது, அதை வாங்கினாள் என்று சொல்ல வேண்டும். மைக் முன்னால் நின்றேன். மேடையிலிருந்து இறங்கிவிட்ட ஐயா முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்து எனக்குத் தலையை ஆட்டினார். என் வாயில் வந்தது, ஐயா அவர்களுக்கு என் பணிவான நன்றி என்பதுதான். அதற்குப் பிறகு மற்ற பத்துப் பேருக்கும் நன்றி சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன். பிளேடு பிடித்த கைதான் எனக்கு, வாய் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

புத்தகம் விற்றது. அதுவும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். படித்துவிட்டுப் போன் செய்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். முன்னால ரெண்டு தாள் கிழிஞ்சிருக்கே, அதுல என்ன இருந்துச்சு? முந்நூற்று நாற்பது பக்கம் எழுதினேன், கேட்பது இல்லாத நான்கு பக்கத்தை. முக்கியமான விஷயமாத்தான் இருக்கணும், இல்லேன்னா யாரு அறுப்பாங்க என்று ஒருவர் நிரூபணமே செய்தார். அச்சகத்தில் விற்பனைக்குக் கொடுத்திருந்த பிரதிகளை வாங்கியவர்களுக்கு முதலாளி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஐயாவின் அணிந்துரையைச் செராக்ஸ் எடுத்து, மடித்து, ஒவ்வொரு புத்தகத்திலும் செருகிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதைக் கணக்கு டீச்சர்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

மிச்சப் பிரதிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வருவதென்று ஒரு சனிக்கிழமை அச்சகத்துக்குப் போனேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அந்தப் பெண் அதே கோரைப்பாயில் கல்யாணப் பத்திரிகை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன யோசனைக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு தாள்கட்டின் மேல் உட்கார்ந்து, ஒரு தாள் கூடக் கழலவில்லை என்று சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் டீச்சர். அந்த மெழுகுக்காரிகிட்டேர்ந்து பட்டையப் புடுங்கிட்டு முடிய வெட்டி அனுப்புனாங்கள்ல. அது வரைக்கும் நான்தான் மடிச்சேன். கடைசி ரெண்டு பாரம் வந்தப்ப எங்கண்ணன் மவளுக்கு சடங்கு, லீவு போட்டுட்டேன். பட்டையத் திருப்பி வாங்குனாளா?"

நீங்க படிச்சீங்களா என்று மட்டும் கேட்டேன். முந்நூறு தடவை கைக்கு வந்துபோவது, ஒரு தடவையாவது படிக்க மாட்டோமா என்றாள். மடிக்கும்போது எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அதைப் படிப்பாளாம். விட்டுப்போனதை அடுத்த தாளில் பிடித்துக்கொள்வாளாம். இருபது பாரத்தை அப்படியே படித்திருந்தாள். அந்த ஊரின் பெயரைச் சரியாகச் சொன்னாள். கோட்டைச் சுவர்ச் செடியைச் சொன்னாள். ஒன்பது வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த வாசகி, என் புத்தகத்தை வாங்கவே இல்லை, மடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி இரண்டு பாரத்தை நானே அவளுக்குச் சொன்னேன். பட்டை திரும்பி வரவில்லை, ஆனால் மூன்று வருடத்தில் மடத்துக்கே தலைவி ஆகிவிட்டாள், மெழுகை மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பினாள் என்று கொஞ்சம் நடித்தே காட்டினேன். மெழுகை மோந்த இடத்தில் சிரித்தாள். பிறகு இரண்டு பத்திரிகை மடித்தாள்.

"மடத்த யாரு கேட்டா டீச்சர். அவ கேட்டது பட்டையத்தானே."

அந்தக் காலத்தில் ஒருமுறை முடியை வெட்டி மடத்துக்கு அனுப்பிவிட்டால் திரும்பி வருவது லேசில்லை, சரித்திரம் அப்படி என்று ஆரம்பித்தேன்.

"நீங்கதானே எழுதுறீங்க," என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை. "வாங்கிக் குடுத்துருக்கலாம்."

முதலாளி வருவதற்குள் கிளம்பிவிட்டேன். பிரதிகளை வாங்கவில்லை. ஐயா மேலும் முதலாளி மேலும் இத்தனை நாள் வைத்திருந்த கோபம் எல்லாம் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் என் மேலேயே திரும்பிவிட்டது. சரித்திரம் அப்படி என்றேனே, அவள் சரித்திரத்தில் எங்கே இருந்தாள்? நான் உண்டாக்கியவள். திருந்தி அழும் ஒரு பக்கத்தைச் சேர்க்க மாட்டேன் என்று மூன்று வாரம் சண்டை போட்டேன். ஆனால் கெடச்சதை வச்சுக்கிட்டு அமைதியா இரு என்று எனக்குச் சொன்னதைத்தான் அவளுக்கு நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு மடத்தைக் கொடுத்து, பட்டையை மறக்கச் சொல்லியிருக்கிறேன். ஐயா அதை நான்கு பக்கத்தில் சொன்னார். எனக்கு ஒரு அத்தியாயம் தேவைப்பட்டது.

பெரம்பலூர் பஸ் நின்றிருந்தது. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பையில் என் பிரதி இருந்தது. பிளேடு இல்லை. கடைசி அத்தியாயத்தைப் பிரித்து, ஒரு விரல் அகலம் ஓரம் விட்டு, கையாலேயே ஒவ்வொரு தாளாகக் கிழித்தேன்.